பராக்கு என்ற சொல்லைப் பிழையின்றிக் கையாளும் முறை

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் ராமநாதபுரக் கடற்கரையில் பிறந்த எவருக்கும் பராக்கு என்ற சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. பிள்ளை நடக்கப் பழகிய நாள் முதல் அந்தச் சொல் அதன் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் எழுத உட்காரும்போது அதே சொல் கைக்கு வர மறுக்கிறது. வேலையில் கண் இல்லாத எல்லா நிலைக்கும் ‘கவனச்சிதறல்’ என்று எழுதிவிடுகிறோம். அல்லது துணிந்து பராக்கு என்றே எழுதி, அது பொருந்தாத இடத்தில் வைத்துவிடுகிறோம். பல ஆண்டுகள் வகுப்பறையில் தமிழ் நடத்திய நான் இந்த இரண்டு தவறுகளையும் செய்திருக்கிறேன். அவற்றுள் இரண்டாவதைக் கடற்பாசி எடுக்கும் பெண் ஒருவர் திருத்தினார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அகராதிகள் பராக்கு என்பதற்குக் ‘கவனமின்மை’ என்று பொருள் தருகின்றன. அந்தப் பொருள் தவறில்லை. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு வாக்கியம் அமைத்தால் சொல் கோணலாக உட்காரும். கவனமின்மை என்பது ஓர் இல்லாமையைக் குறிக்கிறது. பராக்கிலோ கவனம் இருக்கத்தான் செய்கிறது. இருக்க வேண்டிய இடத்தை விட்டு இன்னோர் இடத்தில் போய் நிற்கிறது. ஆகவே இந்தச் சொல்லைப் பயன்படுத்துமுன் எழுதுகிறவர் இரண்டு இடங்களைக் கண்முன் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒன்று, அந்த ஆள் பார்த்திருக்க வேண்டிய இடம். மற்றொன்று, அவர் கண் போய் நின்ற இடம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அங்கே பராக்கு இல்லை.

பாம்பனில் வடகடல் பக்கத்து மணலில் பழைய வலையை விரித்து நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தியின் கையில் ஒரு கம்பைக் கொடுத்துக் காகம் விரட்டும் வேலையை ஒப்படைத்துவிட்டு, அவளுடைய அப்பத்தா நிழலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அந்தப் பெண் ஒழுங்காகத்தான் கம்பை வீசிக்கொண்டிருந்தாள். பிறகு கடலில் விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை திரும்பத் தொடங்கின. எந்தப் படகு முன்னால் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவளின் கையில் கம்பு அப்படியே நின்றுவிட, விரிப்பின் ஓரத்தில் ஒரு காகம் இறங்கியது. அடுத்து இரண்டு இறங்கின. நிழலிலிருந்து குரல் வந்தது: “ஏய், காக்கா கொத்துறது கண்ணுல படலையா? அங்கிட்டு என்ன பராக்கு?”

அப்பத்தாவின் வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காகம் கொத்துவது பார்த்திருக்க வேண்டிய இடம். ‘அங்கிட்டு’ என்பது கண் போன இடம். பராக்கு என்ற சொல்லுக்குத் தேவையான இரண்டையும் எந்த இலக்கணமும் படிக்காத ஒருவர் ஒரே மூச்சில் வைத்துவிட்டார். நம் பேச்சில் பராக்கோடு ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’, ‘அங்கே’, ‘எங்கே’ போன்ற சொற்கள் அடிக்கடி ஒட்டிக்கொண்டு வருவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். இதையே எழுத்திலும் பின்பற்றலாம். ‘மாணவி பராக்காக இருந்தாள்’ என்பது குறைபட்ட வாக்கியம். ‘நெத்திலியைக் காக்க நின்றவள் படகுகளைப் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்’ என்றால் படிப்பவருக்கு நடந்தது முழுவதும் விளங்கிவிடும்.

அன்றைக்கு அந்த மணலில் நெத்திலி காயவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதே பெண் அதே படகுகளை அந்தி வரைக்கும் எண்ணிக்கொண்டிருந்தாலும் யாரும் அதைப் பராக்கு என்று சொல்ல மாட்டார்கள். அது வேடிக்கை பார்ப்பது. வேடிக்கைக்கும் பராக்குக்கும் உள்ள இந்த எல்லைதான் எழுதுகிறவர்கள் மிகுதியாக இடறி விழும் இடம்.

பாம்பன் சாலைப் பாலத்தில் ஒருநாள் நின்றால் இந்த எல்லை தானாகவே விளங்கும். 1988-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்திலிருந்து பார்த்தால் பக்கத்தில் ரயில் பாலம் தெரியும். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் கப்பலுக்கு வழிவிட நடுத்துண்டு இரண்டு கைகளைப்போல் விரிந்து மேலெழுந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. ரயில் வரும் நேரத்தில் வெளியூர்க்காரர்கள் வண்டியை விட்டு இறங்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொள்வார்கள். அவர்கள் பார்ப்பது வேடிக்கை. அதே நேரத்தில் அந்தப் பாலத்தின்மேல் பேருந்து ஓட்டிக்கொண்டு வருகிறவர், எதிரே வரும் வண்டியை விட்டுவிட்டு ரயில் பக்கம் தலையைத் திருப்பினால் அது பராக்கு. இருவர் கண்ணும் ஒரே ரயிலைத்தான் பார்க்கிறது. ஆனால் ஓட்டுநரின் கண்ணுக்கு வேறொரு வேலை இருந்தது. சுற்றுலா வந்தவரின் கண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை. எனவே, ‘பாலத்தில் நின்று பராக்குப் பார்த்தோம், மிகவும் அழகாக இருந்தது’ என்று பயணக் கட்டுரையில் எழுதுவது பிழை. ‘வேடிக்கை பார்த்தோம்’ என்பதே சரி. சில பெரியவர்கள் பேச்சுவாக்கில் வேலையில்லாத பார்வையையும் பராக்கு என்று சொல்வது உண்டு. கேட்கும்போது நான் திருத்துவதில்லை. எழுதும்போது அப்படிச் செய்யாமலிருப்பது நல்லது, ஏனென்றால் அந்த இடத்தில் பராக்கு தன் கூர்மையை இழந்து வேடிக்கைக்கு இன்னொரு பெயராகத் தேய்ந்துவிடுகிறது.

இனி அந்தப் பாசி எடுக்கும் பெண்ணின் கதைக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி முன்னேற்ற அறிக்கையில், ‘வகுப்பில் எப்போதும் பராக்கு’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். அறிக்கையில் பெற்றோர் கையொப்பம் வாங்கிவரச் சொன்னால் பெரும்பாலும் யாரோ ஒருவரின் கைநாட்டோ கிறுக்கலோ வரும். அவனுடைய தாயோ நேரிலேயே வந்துவிட்டார். கடலிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். விரல்களில் சுற்றிய துணியை இன்னும் அவிழ்த்திருக்கவில்லை. பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியை முங்கிப் பிடுங்கும்போது விரல் கிழியாமலிருக்க அப்படிச் சுற்றிக்கொள்வார்கள். அறிக்கையை மேசைமேல் வைத்துவிட்டு அவர் சொன்னார்: “சார், பராக்குன்னா கண்ணு எங்கிட்டாவது பாத்துக்கிட்டு இருக்கணும்ல? எம் புள்ளைக்குக் கண்ணே தொறக்க மாட்டேங்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு அவுக மாமாகூட வலைக்குப் போயிட்டு வந்துதான் பள்ளிக்கூடம் வர்றான்.”

பையனை ஏன் கடலுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தவன், எழுதிய சொல்லே பிழை என்று புரிந்ததும் அடங்கிவிட்டேன். பராக்குக்குத் திறந்த கண் வேண்டும். குறைந்தது திறந்த காதாவது வேண்டும். உறக்கச் சடைவிலும் பசி மயக்கத்திலும் காய்ச்சலிலும் பாடத்தைக் கவனியாதவன் பராக்குப் பார்ப்பதில்லை. அவன் எதையுமே பார்ப்பதில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, ‘வகுப்பில் உறக்கச் சோர்வு காணப்படுகிறது’ என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். அறிக்கை எழுதும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது: பராக்கு என்று எழுதுமுன், அந்தப் பிள்ளையின் கண் எந்தச் சன்னல் வழியாக எதைப் பார்த்தது என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். சொல்ல முடியவில்லையென்றால் வேறு சொல் தேடுங்கள். பிள்ளை எந்நேரமும், எந்த வேலையிலும் நிலைகொள்ள முடியாமல் தவிக்கிறதென்றால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய நிலையாகவும் இருக்கலாம். அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு. அதைப் பராக்கு என்று அழைப்பது பிள்ளைக்கு இழைக்கும் அநியாயம்.

பக்கத்துச் சொற்களோடு ஒப்பிடும்போது பராக்கின் எடை நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் விரிக்கத் தேவையில்லை. மறதி என்பது நினைவின் குறை. பராக்கு பார்வையின் குறை. வலையைக் கரையில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போனால் மறதி. கைக்கெட்டும் தூரத்தில் வலை கிழிந்துகொண்டிருப்பதைக் காணாமல் கரையில் நடக்கும் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பராக்கு. மெத்தனம், வேலையை மெதுவாக, அக்கறையில்லாமல் செய்வது. அதில் கண் வேலையிலேயே இருந்தாலும் இருக்கலாம். தனக்குள்ளேயே ஏதோ எண்ணத்தில் மூழ்கி எதிரே நிற்பவரைக் காணாமல் இருப்பதை ‘நினைப்பு’ என்பார்கள்: ‘என்ன அண்ணே, ஏதோ நினைப்பில் போகிறீர்கள்?’ பராக்கில் வெளியிலிருந்து ஏதோ ஒன்று கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டும்.

அலட்சியத்தோடு ஒப்பிடுவதற்குத்தான் கொஞ்சம் நிதானம் தேவைப்படுகிறது, ஏனென்றால் இவ்விரண்டையும் மாற்றிப் போட்டால் ஒருவர்மேல் பழி ஏறிவிடும். அலட்சியம் என்பதில், இது முக்கியமில்லை என்ற தீர்மானம் ஒளிந்திருக்கிறது. செய்ய வேண்டியது தெரிந்தும் செய்யாமல் விட்டவன் அலட்சியக்காரன். பராக்கில் அப்படித் தீர்மானம் ஏதுமில்லை. கண் தன்பாட்டுக்குப் போய்விட்டது, குரல் கேட்டதும் திரும்பிவிடும். சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் பதநீர் காய்ச்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இது நன்றாக விளங்கும். கொதிக்கும் பதநீர் நுரைத்துப் பொங்கி மேலே வரும்; வந்தவுடன் ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும். பாதையில் போகும் யாரையோ பார்த்துக்கொண்டிருந்து, பொங்கி வழிந்த பிறகு பதறி ஓடுகிறவர் பராக்கில் விட்டவர். பொங்கினால் பொங்கட்டும் என்று உட்கார்ந்திருப்பவரைச் சொல்லத்தான் அலட்சியம் இருக்கிறது. அடுப்புக்கும் பானைக்கும் இரண்டிலும் ஒரே நட்டந்தான். ஆனால் மறுநாள் யாரை நம்பி அடுப்பை ஒப்படைக்கலாம் என்பதில் வேறுபாடு இருக்கிறது. பராக்குப் பார்த்த பிள்ளையைத் திட்டுகிறோம், அடுத்த நிமிடமே அதே வேலையைக் கொடுக்கிறோம். அலட்சியம் செய்தவனிடம் அப்படிக் கொடுப்பதில்லை.

பராக்கின் மறுபக்கத்தைச் சொல்ல நம்மிடம் ‘அசந்த நேரம்’ என்ற அருமையான தொடர் இருக்கிறது. பராக்குப் பார்த்தவனின் பக்கத்திலிருந்து சொன்னால் பராக்கு. அதைப் பயன்படுத்திக்கொண்ட காகத்தின் பக்கத்திலிருந்து சொன்னால் அசந்த நேரம். ‘அவள் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள், அசந்த நேரம் பார்த்துக் காகம் கொத்திவிட்டது’ என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் குற்றமும் விளைவும் தனித்தனியாக நிற்கும். அசந்துபோவது களைப்பாலும் வரும், நம்பிக்கையாலும் வரும். ஆகவே அது பராக்கைவிட அகலமான சொல்.

காவல் நிலையத்தாளிலும் அலுவலகக் கோப்பிலும் பராக்குக்கு இடமில்லை. விபத்து வழக்கில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வண்டியை ஓட்டி வந்து’ என்றுதான் எழுதுவார்கள்; துறைக் கடிதங்களில் ‘கவனக்குறைவு’ என்று வரும். ‘ஓட்டுநர் பராக்குப் பார்த்ததால்’ என்று புகாரில் எழுதினால் யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் வீட்டுச் சொல் வீட்டு உடையோடு நீதிமன்றத்துக்குப் போனதுபோல் இருக்கும். கடிதம், கட்டுரை, கதை, செய்திக்குறிப்பு, பள்ளி அறிக்கை ஆகியவற்றில் தாராளமாகப் பயன்படுத்தலாம். கவனச்சிதறல் என்ற புதுச்சொல்லையும் நான் வெறுக்கவில்லை. பல திசைகளில் கவனம் துண்டு துண்டாய்ப் போவதற்கு அது பொருத்தமான சொல்தான். ஒரு திசையில் முழுதாகத் திரும்பிவிட்ட கண்ணுக்கு அது பொருந்தாது.

செல்பேசி பார்ப்பது பராக்கா என்று மாணவர்கள் கேட்பார்கள். என் தீர்ப்பு, பெரும்பாலும் இல்லை என்பதே. பராக்கில் கண்ணுக்கு ஒரு மேய்ச்சல் உண்டு. படகு, பறவை, தெருவில் போகிற ஆள் என்று அது உலவும், கூப்பிட்டால் வரும். செல்பேசிக்குள் போன கண் உலவுவதுமில்லை, கூப்பிட்டால் வருவதுமில்லை. அதற்கு ‘மூழ்கியிருத்தல்’ என்று எழுதுங்கள். பேச்சில் எல்லாரும் சொல்வதுபோல ‘போனை நோண்டுதல்’ என்று எழுதினாலும் குற்றமில்லை.

எழுத்திலக்கணம் குறைவுதான், ஆனால் பிழை மலிந்த இடம். பராக்கு என்பது பெயர்ச்சொல்; ‘பராக்கினான்’ என்று அதை வினையாக்க முடியாது. பார்த்தல், இருத்தல், காட்டுதல் ஆகிய வினைகளோடு சேர்ந்தே அது நடக்கும். வன்தொடர்க் குற்றியலுகரமாக முடிவதால் பின்னால் வரும் வல்லினம் மிகும்: பராக்குப் பார்த்தான், பராக்குக் காட்டினாள். ‘பராக்கு பார்த்தான்’ என்று ஒற்று இல்லாமல் எழுதுவது பேச்சின் ஓசையை அப்படியே இறக்கிவைப்பது. கதையில் உரையாடலுக்குள் அது இருக்கலாம், கட்டுரையில் கூடாது. உயிரெழுத்து வந்தால் உகரம் கெடும்: பராக்காக, பராக்கில், பராக்கால். பன்மை கிடையாது, நான்கு பேர் நான்கு திசையில் பார்த்தாலும் அது பராக்குதான். ‘பராக்கால்’ என்ற வடிவம் காரணம் சொல்ல உதவும்: ‘பராக்கால் கை நழுவியது.’ ‘பராக்கில்’ என்பது நேரத்தைச் சொல்லும்: ‘பேச்சுப் பராக்கில் சோறு குழைந்துவிட்டது.’ இந்தப் ‘பேச்சுப் பராக்கு’ என்ற தொடர் அருமையானது. எது இழுத்ததோ அதைப் பராக்குக்கு முன்னால் ஒட்டவைத்துவிடுகிறோம். கண் மட்டுமன்றிக் காதும் பராக்குக்கு ஆட்படும் என்பதற்கும் அதுவே சான்று.

‘பிராக்கு’ என்ற வடிவத்தை யாராவது எழுதினால் உடனே சிவப்பு மையைத் தொடாதீர்கள். ஈழத்தமிழில் அது பெருவழக்கு. மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் ‘பிராக்குப் பாக்காதே’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதே பிள்ளைகள் ஊர்வம்பு அறியும் ஆவலுக்கு ‘விடுப்பு’ என்று தனிச்சொல் வைத்திருந்தார்கள். நடுவில் இருப்பது குறுகிய கடல்தான், சொல் அக்கரையில் கொஞ்சம் உருமாறி நிற்கிறது. பொதுவாசகருக்கு எழுதும் கட்டுரையில் பராக்கு என்பதையே வைத்துக்கொள்ளலாம். அந்த மக்களின் பேச்சை எழுதும்போது பிராக்கு என்றே எழுத வேண்டும்.

‘பராக்குக் காட்டுதல்’ என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே குற்றம் இடம் மாறிவிடுகிறது. சாப்பிட மறுக்கும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘அந்தா பாரு ரயிலு, அந்தா பாரு கொக்கு’ என்று சொல்லி வாய் திறந்த நேரத்தில் ஒரு கவளத்தை ஊட்டிவிடுகிற தாய் பராக்குக் காட்டுகிறாள். இதில் பழி ஏதுமில்லை. எல்லா வீட்டிலும் நடக்கும் செல்லத் தந்திரம். இதே தந்திரத்தைப் பேருந்து நிலையத்தில் ஒருவன் செய்தால் பை போய்விடும்: ‘வழி கேட்பதுபோல் பேச்சுக் கொடுத்துப் பராக்குக் காட்டிவிட்டு, கூட வந்தவன் பையை எடுத்துக்கொண்டான்.’ பார்த்தவர்மேல் குற்றமா, காட்டியவர்மேல் குற்றமா என்பதை வினையே சொல்லிவிடும். ஏமாந்தவரைப் பற்றி எழுதும்போது ‘பராக்குப் பார்த்தார்’ என்று எழுதாமல் ‘அவருக்குப் பராக்குக் காட்டினார்கள்’ என்று எழுதினால் அவருக்கு நியாயம் செய்தவர்களாவோம்.

சொல்லின் பழைய பக்கம் விந்தையானது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் இதே பொருளில் வழங்குகிறது. புறத்தே திரும்பிய என்று பொருள்படும் வடசொல் ‘பராக்’ அதற்கு மூலமாகலாம். முகம் திருப்பிக்கொள்வதைக் குறிக்கும் ‘பராமுகம்’ என்ற சொல்லும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதை நாம் ‘பாராமுகம்’ என்று நீட்டி, பார்க்காத முகம் என்று தமிழாகவே பொருள்கொண்டுவிட்டோம். அந்த நீட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பாராமுகத்தைப் பராக்குக்கு மாற்றாகப் பயன்படுத்தக் கூடாது. பாராமுகமாக இருப்பவர் வேண்டுமென்றே திரும்பிக்கொள்கிறார், கேட்டும் கேளாதவர்போல் இருக்கிறார்.

அதைவிட விந்தை, கட்டியக்காரன் அரசர் வருமுன் கூவும் ‘பராக்! பராக்!’ என்ற கூவலும் இதே சொல்லாக இருப்பது. சேதுபதிகள் இருந்து ஆண்ட ஊர்க்காரர்களான நமக்கு இந்தக் கூவல் கூத்து மேடையிலிருந்தாவது பழக்கமாகியிருக்கும். அங்கே அதன் பொருள் ‘கவனம்! எச்சரிக்கை!’ என்பது. கவனமின்மைக்கும் கவனத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று நான் பலநாள் குழம்பியிருக்கிறேன். விடை கரைவலை இழுக்கும் இடத்தில் கிடைத்ததாக எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகமே. இரண்டு பக்கமும் வடத்தைப் பிடித்து ஆட்கள் பின்வாங்கிக்கொண்டே இழுப்பார்கள். வலையின் மடி கரையை நெருங்க நெருங்க, இழுத்த கயிறு மணலில் சுருள் சுருளாகச் சேரும். அந்தச் சுருளுக்குள் யாராவது காலை வைத்துவிட்டால் பின்னாலிருப்பவர் ‘கயிறு! கயிறு!’ என்று கத்துவார். கயிற்றைப் பார், காலை எடு என்றெல்லாம் சொல்ல நேரமில்லை. ஆபத்தின் பெயரைச் சொன்னாலே எச்சரிக்கையாகிவிடுகிறது. ‘பாம்பு!’ என்று கத்துவதும் இப்படித்தான். கட்டியக்காரனும் ‘பராக்கு வேண்டாம்’ என்று முழுதாகச் சொல்லாமல், ஆபத்தின் பெயரை மட்டும் கூவியிருக்கலாம். எப்படியானாலும் எழுதுகிறவருக்கு வேண்டிய விதி எளிது. கூவலாக வரும்போது உகரம் இல்லாமல் ‘பராக்’ என்று எழுதி வியப்புக்குறி இட வேண்டும். வாக்கியத்துக்குள் பெயராக வரும்போது ‘பராக்கு’ என்று எழுத வேண்டும். இரண்டையும் கலந்தால் அரசர் வரும்போது எல்லாரையும் வேறுபக்கம் பார்க்கச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

கடைசியாக, யார் யாரிடம் இந்தச் சொல்லைச் சொல்லலாம் என்பது. பராக்கு மேலிருந்து கீழே இறங்கும் சொல். தாய் பிள்ளையிடம், ஆசிரியர் மாணவரிடம், அண்ணன் தம்பியிடம், படகை நடத்தும் தண்டல் தன் படகில் வரும் சிறுவனிடம் சொல்லலாம். அதுவும் பெரும்பாலும் ‘பார்க்காதே’ என்ற ஏவலோடு. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளவும் மிகவும் ஏற்றது. ‘மன்னிக்க வேண்டும், பராக்கில் இருந்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் தவறையும் ஒப்புக்கொள்கிறார், அதில் கெட்ட எண்ணம் இல்லை என்பதையும் தெரிவித்துவிடுகிறார்; கேட்பவர் கோபம் பாதி அடங்கும். ஆனால் வயதில் மூத்தவரையோ பொறுப்பில் மேலானவரையோ பார்த்து ‘நீங்கள் பராக்குப் பார்க்கிறீர்கள்’ என்று சொல்வது எத்தனை மரியாதை விகுதி சேர்த்தாலும் மரியாதையாகாது. சொல்லுக்குள்ளேயே ஒரு சிறுபிள்ளை உட்கார்ந்திருக்கிறது. ‘நீங்கள்’ என்பதால் அதை எழுப்ப முடியாது.

அப்படியானால் மூத்தவர் பராக்காக இருக்கும்போது என்ன சொல்வது? பாய் விரித்த வத்தை என்ற படகில் இதைக் கவனித்திருக்கிறேன். சுக்கானைப் பிடித்திருந்த தண்டல் தென்கடல் தீவுப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டு வந்தார். காற்று கச்சான் என்ற மேல்காற்றிலிருந்து மெல்லப் புரண்டு, பாயின் ஓரம் படபடக்கத் தொடங்கியிருந்தது. படகின் முன்பக்கமான அணியத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அது தெரிந்துவிட்டது, தண்டலுக்கு இன்னும் தெரியவில்லை. பையன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாததுபோல, “அண்ணே, காத்து திரும்புது” என்றான். தண்டல் சுக்கானை மாற்றினார்.